இரத்தத்திலா, தண்ணீரிலா?

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது பழமொழி. எங்கள் ஊரில் மூட்டுவலிக்கும் இதையே சொல்லிவிடுகிறார்கள்!

எங்கள் பாட்டியால் கழுத்தைத் திருப்ப முடியாது. பெரியப்பாவால் குனிய முடியாது. சென்ற ஆண்டு அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாட்டியைக் கண்டதும், "இந்த வம்சத்தில் வாதம் ஓடுகிறது" என்று சொல்லிப் போய்விட்டார்கள். அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை. தங்கைகளாகிய நாங்கள் எங்கள் முழங்கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் உயிரியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டோம். வாதம் பலவகை என்றார் அவர். முதுகெலும்பை இறுக்கும் வாதத்திற்கும் எச்.எல்.ஏ. பி27 என்ற மரபுக்கூறுக்கும் தொடர்பு உண்டென 1973-இல் கண்டறிந்தார்கள். ஆனால் அக்கூறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்நோய் வருவதில்லை. முடக்குவாதத்திலும் மரபுக்குப் பங்குண்டு. எனினும் உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு அது வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேருக்குத்தான்.

நேராக வம்சத்தில் இறங்கும் மூட்டுநோயும் உண்டு. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்து ஹந்திகோடு கிராமத்தில் 1970-களில் அப்படி ஒரு நோய் தெரியவந்தது. பூச்சிமருந்து தெளித்த வயலின் நண்டைத் தின்றதால் வந்தது என்றே முதலில் எண்ணினார்கள். பிறகுதான் அது பரம்பரை நோய் என்று தெரிந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அங்கே வயல்மேல் போட்ட பழி இரத்தத்தில் முடிந்தது. எங்கள் வீட்டிலோ கதை நேர்மாறு! வேறு வம்சத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எங்கள் அம்மாவுக்கும் இடுப்புவலி. திருச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பாட்டியின் தங்கையோ நிமிர்ந்து நடக்கிறார். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "எலும்பும் தசைநாரும் இறுகியிருக்கின்றன. இது புளோரைடு செய்த வேலை" என்றார்.

தருமபுரி மண்ணின் கீழே பாறை. அதிலுள்ள புளோரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. மிகுந்தால் சிறுவயதில் பல்லில் பழுப்புக் கறை. ஆண்டுகள் பல கடந்தால் எலும்பில் இறுக்கம். காய்ச்சினாலும் போகாது. இந்தியாவில் இந்நோயை முதன்முதலில் 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் கண்டறிந்தார்கள். நம் மாவட்டத்திற்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

பாட்டியின் கழுத்து இனித் திரும்பாது. ஆனால் எங்கள் முழங்கால்களைக் காக்கலாம். இப்போது குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீர்தான். அது வராத நாளில், குடிநீர் வாரிய ஆய்வகத்தில் சோதித்து நல்லதென்று அறிந்த கிணற்று நீரையே எடுக்கிறோம்.

பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று இயேசுவிடம் கேட்டார்கள். இருவருடையதும் அல்ல என்றார் அவர். தோழியரே, பல்லில் கறை இருக்கிறதென்று சிரிக்கும்போது வாயைப் பொத்தாதீர்கள். பெற்றோரே, பெண் பார்க்கப் போகுமிடத்தில் வம்சத்தைக் குறை கூறுமுன், அவ்வூர்க் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி