மாதேரான் மலையில் இரு நாள்

மும்பையில் வாழும் நம்மவர்க்கு ஓய்வு என்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. அந்த ஒரு நாளும் வீட்டு வேலையிலும், மாதுங்கா சென்று காய்கறியும் காப்பிப் பொடியும் வாங்கி வருவதிலும் கழிந்துவிடுகிறது. மலைவாசம் என்றால் ஊட்டியும் கொடைக்கானலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றையும் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறோம். நம் வாசலிலிருந்து மூன்று மணி நேரத்தில் எட்டக்கூடிய மலை ஒன்று இருப்பதை மறந்தே போகிறோம். 2025 பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு இரு நாளும் எங்கள் தாயாரையும் பத்து வயதுப் பெண் குழந்தையையும் அழைத்துக்கொண்டு நாங்கள் அம்மலைக்குச் சென்று வந்தோம். அங்கே கண்டதையும், அதன்பின் மனத்தில் ஓடியதையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மராத்தியில் 'மாதா' என்றால் நெற்றி அல்லது உச்சி. 'ரான்' என்றால் காடு. மலையுச்சியில் அமைந்த காடு என்பதே மாதேரான் என்னும் பெயரின் பொருள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். 1850-ஆம் ஆண்டில் தாணா மாவட்டக் கலெக்டராக இருந்த ஹ்யூ மாலெட் என்னும் ஆங்கிலேயர் இம்மலைமீது ஏறிப் பார்த்து, கோடை வாசத்துக்கு உகந்த இடமெனக் கண்டார். பின்னர் பம்பாய் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவின் காலத்தில் இது மலைவாச ஸ்தலமாக வளர்ந்தது.

தாதரில் கர்ஜத் செல்லும் மின்சார ரயிலில் ஏறினோம். கல்யாணைக் கடந்ததும் நெரிசல் குறைந்து, வயல்களும் குன்றுகளும் கண்ணுக்குத் தென்பட்டன. நேரல் நிலையத்தில் இறங்கினால் பெரிய ரயிலின் அருகிலேயே சின்னஞ்சிறு தண்டவாளம் தொடங்குகிறது. அகலம் 2 அடி மட்டுமே. அந்தச் சின்ன ரயிலில் ஏற வேண்டும் என்பதற்காகவே எங்கள் குழந்தை முதல் நாள் இரவு உறங்கவில்லை. ஆனால் நாங்கள் சேர்ந்த வேளைக்குச் சீட்டுகள் யாவும் தீர்ந்து போயிருந்தன. ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் குடும்பத்துக்கே இக்கதியா என்று தாயார் சிரித்தார். பிந்தி எழுந்தது எங்கள் பிழையே. ஆகவே வாடகை மோட்டாரில் ஏறினோம்.

மோட்டார் பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர். செங்குத்தான ஏற்றமும் திடீர் வளைவுகளும் நிறைந்தது. அரை மணி நேரத்துக்குள் தஸ்தூரி என்னும் இடத்தை அடைந்தோம். அதற்கப்பால் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. எத்தனை விலையுயர்ந்த காரில் வந்தவரும் அங்கே இறங்கித்தான் ஆகவேண்டும். அங்கிருந்து ஊருக்குச் செம்மண் பாதையில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். நடக்கலாம், குதிரையேறலாம், அமன் லாட்ஜ் நிலையத்திலிருந்து சின்ன ரயிலில் போகலாம்; நாங்கள் சென்றபோது மனிதர் இழுக்கும் கைரிக்ஷாவும் இருந்தது.

அடுத்த ரயிலுக்கு நெடுநேரம் இருந்தது. தாயாருக்கு வயது 68. முழங்கால் வலி வேறு. குதிரையேறும் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே கைரிக்ஷா ஒன்றை அமர்த்தினோம். முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் இருவர் தள்ள, வண்டி புறப்பட்டது. நாங்கள் பக்கத்தில் நடந்தோம்.

பாதி வழியில் ஏற்றம் ஒன்று வந்தது. இழுத்தவரின் கழுத்து நரம்புகள் புடைத்தன. மூவரின் மூச்சும் எங்கள் காதில் கேட்டது. "நிறுத்தச் சொல்லுங்கள், நான் நடக்கிறேன்" என்று சொல்லித் தாயார் இறங்கிவிட்டார். இழுத்தவர் பதறிப்போய், "ஆஜி, உட்காருங்கள்" என்றார். ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. "நீங்கள் நடந்தால் எங்களுக்கு என்ன லாபம்? உட்கார்ந்தால்தானே கூலி?" முழுக் கூலியும் தருகிறோம் என்றோம். அவர் ஒப்பவில்லை. "செய்யாத வேலைக்குக் கூலி வேண்டாம்" என்றார். தாயார் சிறிது தூரம் நடந்து பார்த்தார்; முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மீண்டும் வண்டியில் ஏறி, ஊர் வந்து சேரும் வரை வாய் திறவாமல் இருந்தார்.

அன்று மாலை ஷார்லட் ஏரிக்கரையில் அமர்ந்திருந்தபோதுதான் அவர் மனம் திறந்தார். மாதேரானுக்குக் குடிநீர் தருவது அந்த ஏரி. அருகில் பிசர்நாதர் என்னும் சிவபெருமானின் சிறு கோயில் இருக்கிறது. "சென்னையில் சிறுமியாக இருந்தபோது தினந்தோறும் கைரிக்ஷாவில்தான் பள்ளிக்கூடம் போனேன். ஐந்து வருஷம் இழுத்தார். அவர் பெயர் என்னவென்று ஒரு நாளும் கேட்கவில்லை. ரிக்ஷாக்காரர் என்றே கூப்பிட்டோம்" என்றார். தமிழ்நாட்டில் 1973-இல் அரசாங்கம் கைரிக்ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்ஷா வழங்கியது. அரை நூற்றாண்டுக்கு முன் நம் ஊரில் மறைந்த ஒன்று இந்த மலையில் அவர் எதிரே வந்து நின்றுவிட்டது.

மறுநாள் ஞாயிறு. விடியற்காலையில் பனோரமா முனைக்கு நடந்து சென்று சூரியோதயம் கண்டோம். ஊர் முழுவதும் மோட்டார் ஓசை இல்லை. குயிலின் குரலும் குதிரைக் குளம்பின் ஓசையுமே கேட்டன. திரும்பும் பயணத்துக்கு முன்கூட்டியே வரிசையில் நின்று சின்ன ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டோம்.

இந்த இருப்புப்பாதையின் வரலாறு அறியத்தக்கது. சர் ஆதம்ஜி பீர்பாய் என்னும் பம்பாய் வணிகர் பொருள் உதவ, அவருடைய குமாரர் அப்துல் ஹுசேன் முன்னின்று அமைத்தார். 1904-இல் வேலை தொடங்கி 1907-இல் ரயில் ஓடியது. மோட்டார் 9 கிலோமீட்டரில் ஏறுவதை ரயில் 21 கிலோமீட்டர் சுற்றி ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் 20 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம். நம் நீலகிரி ரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரம் பிடித்து ஏறப் பல் தண்டவாளம் உண்டு. இங்கே அதுவும் இல்லை; சக்கரத்தின் பிடிமானம் ஒன்றே துணை. இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகளில் திரும்ப வேண்டியிருந்ததால், வளைவுக்கேற்ப இசைந்து கொடுக்கும் அச்சுகள் கொண்ட நான்கு நீராவி இஞ்சின்களை ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கோப்பெல் கம்பெனி செய்து கொடுத்தது. அவற்றுள் ஒன்றை இன்று தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் காணலாம். இப்போது வண்டியை இழுப்பவை டீசல் இஞ்சின்கள்.

அமன் லாட்ஜ், வாட்டர் பைப், ஜும்மாபட்டி என்று நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வழியில் ஒரே ஒரு சுரங்கம். உள்ளே நுழைந்ததும் வெளியே வந்துவிடும். ஒரு முத்தம் கொடுக்கும் நேரமே இருள் என்பதால் அதற்கு 'ஒரு முத்தச் சுரங்கம்' என்று பெயரிட்டார்களாம். எங்கள் குழந்தை பாட்டியின் கன்னத்தில் முத்தமிட்டு அப்பெயரை மெய்ப்பித்தாள். வளைவு ஒன்றில் பாதையோரம் பணியாளர் நால்வர் கம்பியும் கையுமாக ஒதுங்கி நின்றனர். 2005 ஜூலைப் பெருவெள்ளத்தில் இப்பாதை அரித்துச் செல்லப்பட்டு, 2007-இல்தான் மீண்டும் திறந்தது. 2019 மழையில் மறுபடி சேதமுற்று, முழுப் பாதையிலும் ரயில் ஓட 2022 அக்டோபர் ஆயிற்று. நாம் ஜன்னலோரம் அமர்ந்து 'எத்தனை அழகு' என்று வியக்கும் ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னே இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது.

ஆயினும் இவ்வுழைப்புக்கும் முந்தைய நாள் கண்ட உழைப்புக்கும் வேற்றுமை உண்டு. பாதைப் பணியாளர் பாதையைக் காக்கிறார். இயந்திரம் நம்மைச் சுமக்கிறது. கைரிக்ஷாவிலோ மனிதனே நம்மைச் சுமக்கிறான். இரண்டும் பழையவை; இரண்டும் மெதுவாகச் செல்பவை; பிரயாணிகள் இரண்டையும் ஆர்வத்தோடு படம் பிடிக்கிறார்கள். ஆனால் பழமை என்ற ஒரே காரணத்தால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

ஊர் திரும்பிய சில மாதங்களுக்குப் பின், 2025 ஆகஸ்டில், மாதேரானில் கைரிக்ஷாக்களை 6 மாதத்துக்குள் நிறுத்திவிட்டு, இழுப்போருக்கு மின்சார ரிக்ஷா கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்சார வண்டி வேண்டும் என்று முன்பே கேட்டு வந்தவர்கள் வேறு யாரும் அல்லர். ரிக்ஷா இழுப்போரின் சங்கத்தினரே. செய்தியைத் தாயாருக்குப் படித்துக் காட்டினோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்னை இறங்க வேண்டாமென்று சொன்னாரே, அவருக்கு ஒரு வண்டி கிடைக்க வேண்டும்" என்றார். "அவர் பெயரைக் கேட்டீர்களா?" என்றும் வினவினார். நாங்களும் கேட்கவில்லை.

நேயர்களே, மாதேரானுக்கு ஒரு முறை சென்று வாருங்கள். மழைக்காலத்தில் நேரலிலிருந்து ரயில் ஏறாது. ஆகவே அக்டோபருக்குப்பின் கோடை முடிவதற்குள் செல்வது நலம். அதிகாலையில் புறப்படுங்கள், சீட்டு தீருமுன் நேரல் சேருங்கள். செம்மண்ணில் நடக்க உறுதியான செருப்பு அணியுங்கள். குரங்குகள் மிகுதி, தின்பண்டங்களைக் கையில் ஏந்தாதீர்கள். பெரியவர்களை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்காக உழைப்பவர் யாராயினும், வண்டியோட்டியோ குதிரைக்காரரோ தேநீர் தருபவரோ, கூலி கொடுப்பதற்கு முன் அவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் செய்யத் தவறியது அது ஒன்றே.