மூவர் நிறைக்கும் அரங்கு

ஆனேக்கல்லில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் கோயிலில் நாகசுரம் கேட்கின்றனர். வீட்டில் கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ் என மூவராய்க் கூடி ராக் இசையும் பயில்கின்றனர். மூவருக்காக ஆண்டுவிழாவில் ஒரு மாலைப்பொழுதா என்று பெரியவர்கள் தயங்குகிறோம். மேடையில் ஒலி மெலியுமே என்று பிள்ளைகளும் அஞ்சுகின்றனர். முன்பே பதிந்த இசையை உடன் ஓடவிடலாமா என வினவுகின்றனர்.

குறை எங்குள்ளது? கிதார்க்காரர் பல தந்திகளைச் சேர்த்து மீட்டும்வரை குறையில்லை. அவர் ஒற்றைச் சுரங்களில் தனித்து உலவத் தொடங்கியதும், மேலே அவர் குரல், கீழே பேஸ், நடுவே வெறுமை.

1980 மார்ச்சில் பம்பாயில் இசைத்த ‘தி போலீஸ்’ குழுவினரும் மூவரே. அதன் ஆண்டி சம்மர்ஸ் எதிரொலிக் கருவியால் ஒரு மீட்டலைப் பலவாக விரித்தார். கனடாவின் ‘ரஷ்’ குழுவில் கெடி லீ, பேஸ் வாசித்துப் பாடியவாறே, காலால் மிதிக்கும் கட்டைகளில் நீண்ட தாழ்சுரங்களை எழுப்பினார். 1966இல் தோன்றிய ‘க்ரீம்’ குழுவின் ஜாக் புரூஸோ பேஸையே மற்றொரு முதன்மைக் கருவியாக்கினார்.

இவ்வறிவு நமக்கும் புதிதன்று. நாகசுரக்காரர் மூச்சு வாங்கும்போது பந்தலில் இசை அறுபடுவதில்லை. ஒத்து சுருதியைத் தாங்குகிறது, தவில் நடையைத் தாங்குகிறது. ஒத்தின் இடத்தை இன்று பெரும்பாலும் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டாலும் பணி அதுவே. குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் பின்தொடர, ஆமந்திரிகையும் கூடி இடைவெளியற்று இசை நிகழ்ந்ததைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை காட்டுகிறது.

ஆகவே, கிதார் தனித்துச் செல்லும்போது பேஸ் சற்று மேலேறி நடுவிடத்தைக் காக்கட்டும். டிரம்ஸின் தட்டுகள் நீண்டு அதிரட்டும். பாடகரோடு மற்ற இருவரும் குரல் சேர்க்கட்டும். பதிந்த இசையும் காதை நிறைக்கும். ஆனால், அவை உருகிக் கேட்கும் ஓர் அடியை மீண்டும் பாட எண்ணினால் அது காத்து நிற்பதில்லை. உடன் வாசிப்பவனோ முகம் பார்த்து நிற்பான்.

கன்னடம் ஒலிக்கும் ஊரில் சிலராய் வாழும் நாம் இதை அறிவோம். மணவீடாயினும் இழவு வீடாயினும், ஒருவர் கை ஓயுமிடத்தில் மற்றவர் கை கொடுத்தே பந்தலை நிறைத்திருக்கிறோம். பிள்ளைகள் மேடை கேட்டு வருகையில் தலைகளை எண்ணாது, அம்மாலைப்பொழுதை மனமுவந்து அளிப்போம்.