இரவல் தட்டு

 

அண்டை வீட்டில் இரவல் வாங்கிய குடையை நீங்கள் தொலைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கடைக்குச் சென்று அதே நிறத்தில், அதே அளவில் புதுக் குடை ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்றுதான் நாம் அனைவரும் எண்ணுவோம். இருபது ஆண்டுகளாக மத்ரஸாவில் ஃபிக்ஹுக் கிதாபின் இரவல் பாடத்தை ஓதிக்கொடுத்துவரும் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்தப் பாடத்தை எனக்கு மறுபடியும் ஓதிக்கொடுத்தது, பதினாறு வயதுப் பையன் ஒருவனின் பழைய பிளாஸ்டிக் தட்டு.

2023ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் நகரில் வாழும் என் தங்கையின் இல்லத்தில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். “காக்கா, பிள்ளைக்குக் குர்ஆனைத் திருத்தமாக ஓதக் கற்றுக்கொடுங்கள். அவன் எங்களோடு பேசுவதே குறைந்துவிட்டது. உங்களிடமாவது பேசுகிறானா பாருங்கள்” என்பது அவளுடைய வேண்டுகோள். என் மருமகன் மரியாதை தவறாத பையன். சுபுஹுக்குப் பிறகு வந்து அமர்வான், ஓதுவான், முடிந்ததும் எழுந்துவிடுவான். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் விடை. அஸர் தொழுததும் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் புறப்பட்டுவிடுவான். ஜூன் மாதத்தில் அங்கே அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே மூன்று மணி நேரத்திற்கு மேல் வெளிச்சம் இருக்கும். நான்காம் நாள், நானும் வரலாமா என்று கேட்டேன். தலையசைத்தான்.

அந்த விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் குழியில் விழச் செய்வதுபோல, இதில் தட்டை எறிந்து, கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழச் செய்ய வேண்டும். எத்தனை குறைந்த எறிகளில் முடிக்கிறோமோ அத்தனை சிறப்பு. அந்தச் சங்கிலிக் கூடைக்கு எட் ஹெட்ரிக் என்பவர் 1977இல் காப்புரிமை பெற்றார். 1983இல் டேவ் டுனிபேஸ் என்பவர் விளிம்பைச் சரித்துக் கூராக்கிய தட்டு ஒன்றை வடிவமைத்தபின், எறியும் தூரம் வெகுவாகக் கூடியது. தொலைவுக்கு எறியும் இத்தகைய தட்டை ‘டிரைவர்’ என்கிறார்கள். குறுக்களவு ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். எடை பெரும்பாலும் 175 கிராமுக்குள். நம் வீட்டுச் சோற்றுத் தட்டைவிடச் சிறியதுதான். ஆனால் அதன் குணம் எளிதில் பிடிபடுவதில்லை.

முதல் நாளே கடைக்குப் போய் எனக்கென ஒரு டிரைவரை எடுத்தேன். ஒவ்வொரு தட்டிலும் நான்கு எண்கள் குறிக்கப்பட்டிருந்தன. நான் எடுத்த ‘டெஸ்ட்ராயர்’ தட்டின் முதல் எண் 12. எண் பெரிதானால் தூரமும் பெரிது என்பது என் கணக்கு. “அது உங்களுக்கு வேணாம் மாமா” என்றான் பையன். நான் கேட்கவில்லை. பூங்காவில் எறிந்தபோது அது சற்றுத் தூரம் சென்று, இடப்பக்கம் சாய்ந்து, வெட்டுண்ட காற்றாடிபோல் விழுந்தது. அப்போதுதான் அவன் என்னிடம் முதன்முறையாக நீண்ட நேரம் பேசினான். அவன் கூறியதை உங்களுக்கும் கூறுகிறேன்.

அந்த நான்கு எண்களில் முதலாவது வேகம். தட்டு பறக்கும் வேகமன்று அது. அதன் இயல்பு வெளிப்பட வேண்டுமானால் நம் கை அதற்குக் கொடுக்க வேண்டிய வேகம். கையில் அந்த வேகம் இல்லையெனில் 12ஆம் எண் தட்டு 7ஆம் எண் தட்டின் தூரத்தைக்கூட எட்டாது. இரண்டாவது மிதப்பு. மூன்றாவது, வலக்கையாளர் மார்புக்குக் குறுக்காகக் கையைக் கொண்டுசென்று விசிறும்போது, தொடக்க வேகத்தில் தட்டு எவ்வளவு வலப்புறம் திரும்பும் என்பது. கழித்தல் குறி கூடக்கூட வலத்திருப்பம் மிகும். நான்காவது, வேகம் தணிந்து இறங்கும்போது எவ்வளவு இடப்புறம் சாயும் என்பது.

இந்த இரு சாய்வுகளுக்கும் காரணம் தட்டின் சுழற்சிதான். விரைந்து செல்லும்போது காற்று அதன் முன்விளிம்பைக் கீழே அழுத்தப் பார்க்கிறது; வேகம் குறைந்ததும் முன்விளிம்பை மேலே தூக்கப் பார்க்கிறது. சுழலும் பொருளோ, முன்னால் கொடுத்த அழுத்தத்திற்குப் பக்கவாட்டில் சாய்ந்து விடை சொல்கிறது. ஆகவே முதலில் வலம், பின்னர் இடம். இரண்டில் எது மேலோங்குகிறது என்பதைக் கொண்டு தட்டுகளை இடம் சாய்பவை, நேர்ச்செல்பவை, வலம் சாய்பவை என மூன்றாகப் பிரிக்கிறார்கள். டெஸ்ட்ராயரின் எண்கள் 12, 5, -1, 3. ‘லெப்பர்ட்’ என்னும் தட்டுக்கு 6, 5, -2, 1. என்னைப் போன்ற புதியவருக்கு இரண்டாவதே ஏற்றது. வேகம் போதாத கையில் எந்தத் தட்டும் இடப்புறமே இழுக்கும்; வலம் சாயும் இயல்புடைய தட்டு அதை ஈடுசெய்து நேராகச் செல்லும்.

அவன் பையைத் திறந்து காட்டியபோது வியந்தேன். ‘டீபேர்ட்’ என்னும் ஒரே வார்ப்பில் மூன்று தட்டுகள் இருந்தன. எண்கள் 7, 5, 0, 2. ஒன்று புதியது, ஒன்று சிராய்ப்பேறியது, மூன்றாவது ஆரஞ்சு நிறம் வெளிறி, விளிம்பெல்லாம் மழுங்கியது. “ஒரே தட்டு எதற்கு மூன்று?” என்றேன். “ஒரே தட்டு இல்லை மாமா, மூணு தட்டு” என்றான்.

மரத்திலும் கல்லிலும் மோதி விளிம்பு தேயத் தேய, தட்டின் இடச்சாய்வு குறைந்து வலத்திருப்பம் கூடுகிறது. ஆகவே புதிய டீபேர்ட் எதிர்க்காற்றிலும் நிலைத்து நின்று இறுதியில் இடம் சாயும். ஓரளவு தேய்ந்தது, மரங்களுக்கிடையே நூல் பிடித்தாற்போல் நேராகச் செல்லும். மிகவும் தேய்ந்தது, மெல்ல வலப்புறம் வளைந்து, மற்றத் தட்டுகள் எட்டாத மூலையில் போய் இறங்கும். பின்காற்றில் அது இன்னும் சிறப்பு. கை அசைவு ஒன்றே, பாதைகள் மூன்று. புதியது பழகியதும், பழகியது தேய்ந்ததும் ஒன்றன் இடத்திற்கு மற்றொன்று நகர்கிறது. ஆகையால் தேய்ந்ததை எவரும் எளிதில் எறிந்துவிடுவதில்லை.

இதில் பிளாஸ்டிக்கின் தரமும் கணக்கில் வருகிறது. டிஎக்ஸ் எனப்படும் மலிவு வகை விரைவில் தேயும். சாம்பியன் எனப்படும் உயர்வகை எளிதில் தேயாது. எந்தத் தட்டு குணம் மாறாதிருக்க வேண்டுமோ அதை உயர்வகையிலும், எது பழகிப் பதப்பட வேண்டுமோ அதை மலிவு வகையிலும் வாங்க வேண்டுமாம். பெருங்காற்றுக்காக அவன் வைத்திருந்த ‘ஃபயர்பேர்ட்’ சாம்பியன் வகை. மூன்று டீபேர்டுகளும் டிஎக்ஸ் வகை. புதிதாகத் தொடங்குகிறவர், வேகத்தில் ஏறத்தாழ ஒத்த இரண்டை இணையாக வாங்கினால் போதும்: நேர்ச்செல்வது ஒன்று, வலம் சாய்வது ஒன்று. வேகம் ஒத்திருந்தால் கையின் பழக்கத்தை மாற்ற வேண்டியிராது. பாதையின் வேறுபாட்டைத் தட்டே பார்த்துக்கொள்ளும். மூன்றாவது தட்டைக் கடையில் தேட வேண்டியதில்லை. அந்த இரண்டில் ஒன்று தேய்ந்து அதுவாகவே கிடைத்துவிடும்.

வாசகரே, இவற்றையெல்லாம் கேட்டறிந்த பிறகுதான் நான் தவறு செய்தேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை. வலப்புறம் ஒரு குளம். காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிறிய தட்டைக் கொடு என்றேன். கையில் அது மென்மையாக இருந்தது. “எதிர்க்காத்து அடிக்குது மாமா. அது வேணாம், புதுசை எடுங்க” என்றான். “ஒரு முறைதானே!” என்று சொல்லி எறிந்துவிட்டேன். எதிர்க்காற்று தட்டின் மீது படும் வேகத்தைக் கூட்டுகிறது. தேய்ந்த தட்டு அதைத் தாங்காது. வலப்புறம் கவிழ்ந்து, குளத்தின் நடுவே விழுந்து மூழ்கியது. இருவரும் முழங்காலளவு நீரில் இறங்கித் துழாவினோம். செம்மண் சேறுதான் கையில் வந்தது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருந்திருக்க வேண்டியவன் நான்; “போகட்டும், பத்து டாலர்ப் பிளாஸ்டிக்தானே! நாளையே வாங்கித் தருகிறேன்” என்றேன். மறுநாள் அதே டீபேர்ட், அதே ஆரஞ்சு நிறம், அதே எடை பார்த்து வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். வழக்கம்போல் வலமாக வளைத்து எறிய முயன்றான். புதுத் தட்டு நேரே சென்று இடப்புறம் சாய்ந்தது. அதை எடுத்துவந்து பைக்குள் வைத்தான். மறுநாள் சுபுஹுக்குப் பின் ஓதினான், எழுந்தான், போய்விட்டான். அஸருக்குப் பின் என்னை அழைக்கவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஓதிக்கொடுத்த பாடத்தை மனத்துக்குள் புரட்டினேன். ஹுனைன் போரின்போது ஸஃப்வான் பின் உமைய்யாவிடம் போர்க்கவசங்களை இரவல் கேட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அது பொறுப்பேற்கப்பட்ட இரவல் என்று உறுதியளித்தார்கள். எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதித்த வகையில் பயன்படுத்தித் தேய்ந்தாலன்றி, இரவல் பொருள் அழிந்தால் வாங்கியவனே பொறுப்பு. ஹனஃபி மத்ஹபில் வரம்பு மீறலோ கவனக்குறைவோ இருந்தால் பொறுப்பு. நானோ உரியவன் வேண்டாம் என்றதை மீறி எறிந்தவன். இரு மத்ஹபிலும் எனக்குத் தப்ப வழியில்லை.

ஈட்டிலும் இரு வகை உண்டு. ஒத்த பொருள் கிடைக்குமானால் ஒத்ததைக் கொடுப்பது; கிடைக்காதெனில் மதிப்பைக் கொடுப்பது. ஒரே வார்ப்பில் ஆயிரக்கணக்கில் வரும் புதுத் தட்டுக்கு ஒத்தது உண்டு. தேய்ந்த தட்டுக்கு உலகில் ஒத்தது இல்லை. அப்படியாயின் மதிப்பு? தேய்ந்த தட்டுக்குக் கடைத்தெருவில் புதியதன் விலைகூடக் கிடைக்காது. விலைக் கணக்கில் நான் அதிகமே கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு வயது முதல் நான்கு கோடைகள் அவன் கை எறிந்து எறிந்து உருவாக்கிய ஒன்றை, பத்து டாலர்ப் பிளாஸ்டிக் என்று சொன்ன சொல்லுக்கு மட்டும் அந்தக் கணக்கில் இடமில்லை.

மறுநாள் ஓதி முடித்து எழுந்தவனை நிறுத்தினேன். “உன் பேச்சைக் கேளாமல் எறிந்தது என் தவறு. அதை அற்பமாகப் பேசியது அதைவிடப் பெரிய தவறு. ஹலாலாக்கிக்கொள். இதற்கு ஈடு என்னவென்று நீயே சொல்” என்றேன். பெரியவர் ஒருவர் தன்னிடம் இப்படிக் கேட்பதை அவன் எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “புதுசை நீங்களே எறிஞ்சு பழசாக்கிக் கொடுங்க மாமா” என்றான்.

மீதமிருந்த நான்கு வாரங்களும் அஸருக்குப் பின் அதுவே என் வேலை. என் எறியின் இலட்சணத்திற்குப் பைன் மரங்கள் ஒன்றையும் தட்டு விட்டுவைக்கவில்லை. “நல்லாத் தேயுது மாமா!” என்று அவன் சிரிப்பான். கூடைக்குக் கூடை நடக்கும் வழியில், தன் பள்ளியைப் பற்றியும், அங்கே தொழ இடம் கேட்கத் தயங்கியதைப் பற்றியும், உம்மாவிடம் சொல்ல முடியாத சிலவற்றையும் பேசினான். அவை அவனுடைய அமானிதம், இங்கே எழுதமாட்டேன். நான் புறப்படும் வாரத்தில் அந்தத் தட்டு இடம் சாய்வதை விட்டு, ஏறத்தாழ நேராகப் போகத் தொடங்கியிருந்தது. பழையதன் குணம் வர இன்னும் ஓரிரு கோடைகள் ஆகலாம். “மீதியை நான் பார்த்துக்கிறேன்” என்றான்.

அவ்விளையாட்டில் தட்டின் அடியில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவைப்பது வழக்கம். கண்டெடுப்பவர் அழைத்துக் கொடுத்துவிடுவார்கள். குளத்தில் மூழ்கிய தட்டின் அடியிலும் அவன் எண் இருக்கிறது. அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பிள்ளை ஓடிப்போய் எடுக்கிறான் என்று தங்கை சொல்கிறாள். இன்னும் அந்த அழைப்பு வரவில்லை. வாரந்தோறும் அவனோடு பேசும்போது, ஸலாமுக்கு அடுத்தபடியாக நான் அதைத்தான் கேட்கிறேன்.