கோப்பி இயந்திரம் வாங்கப் போன கதை

வத்தளையில் எங்கள் வீட்டுக் கோப்பிக்கு நெடுங்காலமாக ஒரே முறைதான். கொதிநீரிற் கோப்பித் தூளை இட்டு, மண்டி அடியிற் படிந்தபின் வடித்து, பால்மாவும் சீனியும் சேர்த்து அருந்துவோம். இதிற் குறை கண்டவள், கொழும்புக் கோட்டையில் வேலைபார்க்கும் எங்கள் மகள்.

"அப்பா, கடையிலை கப்புச்சீனோவுக்குக் குடுக்கிற காசைச் சேர்த்தால் வீட்டிலையே ஒரு மெஷின் வாங்கலாம்" என்றாள். கணக்குப் பார்த்தேன், அவள் சொன்னது பொய்யன்று. ஆயினும், படித்தறியாமல் எப்பொருளையும் வாங்குவது ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய என் இயல்பன்று.

கப்புச்சின் துறவியரின் பழுப்பு அங்கியை ஒத்த நிறத்தாற் பெயர்பெற்ற இப்பானத்துக்கு அடிப்படை எஸ்பிரஸோ. நுண்ணிதாக அரைத்த தூளினூடாக, 90 பாகைக்குச் சற்று மேற்பட்ட வெப்பமுள்ள நீரை, ஏறத்தாழ 9 பார் அமுக்கத்தில், 25 முதல் 30 வினாடிவரை செலுத்தப் பெறும் செறிந்த சாறு அது. இத்தாலியின் தூரின் நகரத்தவரான அஞ்சலோ மொறியொண்டோ, நீராவியால் இயங்கும் கோப்பி இயந்திரத்துக்கு 1884இல் காப்புரிமை பெற்றார். சாற்றின்மேற் பொன்னிற நுரை படியச்செய்த பெருமையோ, மிலான் நகரத்து அக்கில்லே காஜ்ஜாவின் நெம்புகோல் இயந்திரத்துக்கு உரியது.

இவ்வறிவுடன் கடைகளுக்குச் சென்றேன். அங்கே கண்டவை மூவகை. நீராவியை மட்டும் நம்பியவை மலிவானவை. ஆனால் அவற்றின் அமுக்கம் போதாது. சிற்றுறைகளில் அடைத்த தூளைப் பயன்படுத்துபவை எளியவை. ஆனால் உறைகளை வாங்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். பம்பி பொருத்தியவையே தக்கவை. அவற்றின் பெட்டிகளில் 15 பார் எனப் பெரிதாக அச்சிட்டிருப்பினும் தேவைப்படுவது 9 தான். பாலை 60 முதல் 65 பாகைவரை சூடாக்கி நுரைக்கச்செய்யும் நீராவிக் குழலும் அவற்றில் உண்டு. ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதன் விளக்கப் புத்தகத்துடன் வீடு திரும்பினேன்.

நான் விரிவுரையாற்றி முடித்ததும் மனைவி ஒரே வினாவைக் கேட்டாள்: "எல்லாஞ் சரி, அதைக் கழுவுறது ஆர்?"

புத்தகத்தைப் புரட்டினேன். குழலில் ஒட்டிய பாலை உடனுக்குடன் துடைக்கவேண்டும்; சக்கையைத் தட்டி அகற்றி வடியைக் கழுவவேண்டும்; நீரினாற் படியும் சுண்ணத்தைக் காலந்தோறும் கரைத்து நீக்கவேண்டும். இவற்றையெல்லாம் செய்யப்போகும் கை எதுவென்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது. அவளோ கப்புச்சீனோ அருந்துபவளல்லள். மல்லியும் வேர்க்கொம்பும் இடித்துச் சேர்த்த கோப்பியே அவளுக்கு விருப்பம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவள் தந்த கோப்பியை அருந்தியவன், ஒருநாளேனும் அக்கோப்பையைக் கழுவியதில்லை.

வகுப்பறையிற் பலமுறை கற்பித்த பாடம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்து ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகடந்து மாத்தளைக்கு நடந்தனர். வழியிலே மாண்டோர் பலர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, அவர்கள் உழைப்பு தேயிலைக்கு மாறியது. கோப்பியை அருந்துவோர் அதன் பின்னுள்ள உழைப்பை அறிவதில்லையென மாணவர்க்கு உரைத்தேன். என் சமையலறையில் அப்பாடத்தை நான் கற்றிருக்கவில்லை.

மறுவாரம் நானும் மகளும் சென்று, 1933இல் இத்தாலியில் அல்பொன்சோ பியலெற்றி அறிமுகப்படுத்திய மோக்கா வகைக் கெண்டி ஒன்றையும், பால் நுரைக்கும் சிறு கடைகோல் ஒன்றையும் வாங்கிவந்தோம். அடுப்பிலேற்றும் இக்கெண்டியின் அமுக்கம் ஒன்றிரண்டு பார்தான்; எனவே இதிற் கிடைப்பது உண்மையான எஸ்பிரஸோ அன்று. நுரையைத் தாங்குவது பாலிலுள்ள புரதமாதலால், கரைத்த பால்மாவும் ஓரளவு நுரைக்கிறது. கடைக் கப்புச்சீனோவுக்கு இது ஈடில்லையென மகள் ஒப்புக்கொள்கிறாள். ஆனால் மூன்று துண்டுகளாகக் கழற்றி இரண்டு நிமிடத்திற் கழுவிவிடலாம். வேலைநாட்களில் அதைக் கழுவுபவன் நான்; சனி, ஞாயிறுகளில் மகள். பம்பி இயந்திரத்தை வாங்குவதாயின், ஓராண்டு இவ்வொழுங்கு தவறாமல் நடந்தபின் வாங்குவதென முடிவு.

சென்ற ஞாயிறன்று மனைவிக்கும் ஒரு கோப்பை கொடுத்தோம். ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "சீனி காணாது" என்றாள். எழுந்துபோய்ச் சீனிப் போத்தலை எடுத்துவந்தேன்.