மாற்று அச்சு

புறநானூற்றின் 102ஆம் பாடலை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். உப்பு வணிகர்கள் தங்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு செல்வார்கள். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யார் கண்டது என்னும் முன்னெச்சரிக்கை. ஔவையார் பொகுட்டெழினியை அந்த மாற்று அச்சுக்கு ஒப்பிட்டார். அந்த உவமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்னால் இயலும். ஆனால் ஒரு காரின் பின்அச்சுக்குள் என்ன இருக்கிறது என்பதை 2023 ஆகஸ்டில்தான், டெட்ராய்ட் புறநகர் ஒன்றில், அண்ணன் வீட்டுக் கார் கொட்டகையில் குந்தி அமர்ந்து முதன்முதலாகப் பார்த்தேன்.

அண்ணனிடம் 1970ஆம் ஆண்டின் ஷெவர்லே ஷெவல் எஸ்எஸ் 396 ஒன்று இருக்கிறது. பெயரில் 396 என்றிருந்தாலும் அவ்வாண்டு இயந்திரத்தின் உண்மையான கொள்ளளவு 402 கன அங்குலம் என்பதை நான் அங்கிருந்த ஒரு மாதத்தில் மூன்று முறையாவது சொல்லியிருப்பார். 350 குதிரைத்திறன், கையால் மாற்றும் நான்கு கியர்கள். நடுத்தர அளவு உடலில் மிகப் பெரிய இயந்திரத்தைத் திணித்து அறுபதுகளில் அமெரிக்கர்கள் செய்த இவ்வகை வண்டிகளை மசில் கார் என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தமது இருபத்தோராம் வயதில் புதிதாக வாங்கியது. மனைவி 2019இல் இறந்த பிறகு கொட்டகையில் போர்வை போர்த்திக் கிடந்ததை, இரண்டாண்டு கழித்து அண்ணன் விலைக்கு வாங்கினார்.

நான் போய் இறங்கிய வாரம் அந்தக் கார் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. வேகம் ஏற ஏறச் சுருதி ஏறும் ஊளை. பின்அச்சின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது பற்களில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். கிரவுனும் பினியனும் மாற்றியாக வேண்டும். எந்தக் கணக்கில் மாற்றுவது என்பதுதான் வீட்டில் நடந்துகொண்டிருந்த வழக்கு.

"உனக்குப் புரியற மாதிரி சொல்றேன்" என்று அண்ணன் தரையில் சுண்ணக்கட்டியால் எழுதினார். இயந்திரத்திலிருந்து வரும் தண்டின் முனையில் சிறிய பினியன்; அது சுழற்றும் பெரிய வளையம் கிரவுன். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவது விகிதம். 41ஐ 10ஆல் வகுத்தால் 4.10. சக்கரம் ஒரு முறை சுற்றத் தண்டு 4.10 முறை சுற்ற வேண்டும். எண் பெரிதானால் புறப்பாட்டில் பாய்ச்சல். நெடுஞ்சாலையில் இயந்திரம் கதறும். எண் சிறிதானால் புறப்பாடு சோம்பல், நெடுஞ்சாலையில் நிம்மதி. இதில் எனக்கு நெடுநேரம் குழப்பம். எண் பெரிய கியரைத்தான் அவர்கள் 'தாழ்ந்த கியர்' என்கிறார்கள். இடக்கரடக்கல் போல ஏதோ என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்தில் இதை வாங்குகிறவரே விருப்பப் பட்டியலிலிருந்து தேர்ந்துகொள்ளலாம். இயந்திரத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுவார்கள். காரின் குணத்தை முடிவு செய்வது பின்னால் ஒளிந்திருக்கும் இந்த ஒற்றை எண். பெரியவருடைய கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 3.31. பதின்மூன்று பல் பினியன், நாற்பத்து மூன்று பல் கிரவுன். டெட்ராய்ட் இளைஞர்கள் அக்காலத்தில் வார இறுதி இரவுகளில் உட்வர்ட் அவென்யூவில் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை பந்தயம் விடுவார்கள். அதற்கு 3.31 போதாது. 1971இல் அவரே கழற்றி 4.10 மாட்டினார். முதல் கியரின் 2.52ஐ 3.31ஆல் பெருக்கினால் 8.34, 4.10ஆல் பெருக்கினால் 10.33. இந்தப் பெருக்குத்தொகை பத்தை ஒட்டி இருந்தால் கார் துள்ளிப் புறப்படும் என்பது பழைய ஆட்களின் வாய்ப்பாடு.

அண்ணனுக்கும் 4.10தான் வேண்டும். உட்வர்டில் 1995 முதல் ஆகஸ்டு மாதந்தோறும் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. அதில் சிக்னலில் நின்று புறப்படும் அந்த ஒரு கணம் அவருடைய கண்ணில் நின்றது.

"வருஷத்துல ஒரு நாள் ஊர்வலம். மிச்ச நாளெல்லாம் யார் ஓட்டறது? நீயே கேளும்மா" என்றார் அண்ணி என்னிடம். "அந்தக் கார்ல நான் ஏற மாட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்தா காது அடைச்சுப் போகுது. பேசினா இவருக்குக் கேக்காது. இவர் பேசறது எனக்குக் கேக்காது."

ஒற்றை மகன் வேலைக்காகக் கலிபோர்னியா போன பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது என்பது எனக்கு வந்த இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். நான் ஊர் திரும்பியதும் யார் வழியாகப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் துணிவு வரவில்லை.

நடுவழியாக 3.73 ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஏற்றது என்று அண்ணனின் நண்பர்கள் பரிந்துரைத்தார்கள். ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டியைப் பொருத்திவிட்டால் 4.10ஐ வைத்துக்கொண்டே நெடுஞ்சாலையில் அமைதியாகப் போகலாம் என்பது இன்னொரு யோசனை. அதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். காரின் தரைத்தகட்டையும் வெட்டித் தட்டி இடம் செய்ய வேண்டும். தகட்டை வெட்ட அண்ணனுக்கு மனம் வரவில்லை. மற்றபடி நாள்தோறும் மாலையில் காகிதத்தில் பெருக்குவதும் வகுப்பதுமாகவே இருந்தார்.

ஒரு சனிக்கிழமை பெரியவர் வேலியருகே வந்து நின்றார். எழுபத்து நான்கு வயது, கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். கைவண்டி ஒன்றில் மரப்பெட்டி வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். திறந்தால் எண்ணெய்க் காகிதத்துக்குள் 1971இல் கழற்றிய அதே 3.31. கிரவுன், பினியன், கிரவுன் ஏறி அமரும் கூடு எல்லாமே இருந்தன. இந்த வகை அச்சில் 3.31க்கு ஒரு கூடு, 4.10க்கு வேறு கூடு. அதனால் அன்று முழுவதையுமே கழற்ற வேண்டியிருந்ததாம்.

ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஏன் வைத்திருந்தீர்கள் என்று அண்ணன் கேட்டார்.

திரும்ப மாட்டுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன், என்றார் அவர்.

பிறகு அவராகவே கொஞ்சம் சொன்னார். மிச்சிகனின் வடபகுதியில் மேக்கினா நீரிணைக்குக் குறுக்கே 1957இல் திறந்த ஐந்து மைல் பாலம் இருக்கிறது. இந்தக் காரில் அதைக் கடக்க வேண்டுமென்பது அந்த அம்மாவின் ஆசை. ஒரு முறை புறப்பட்டு, நூறு மைல்கூடப் போகாமல் தலைவலி தாங்காமல் திரும்பினார்கள். அடுத்த கோடையில் மாற்றிவிடலாம் என்றார் இவர். குழந்தைகள் வந்தன. 1973இல் பெட்ரோல் நெருக்கடி வந்தது. அதற்கடுத்த ஆண்டு நாடு முழுவதும் 55 மைல் வேக வரம்பு வந்தது. வெளியூர்ப் பயணத்துக்கு வேறு கார் வாங்கினார்கள். பாலத்தையும் அதில்தான் பல முறை கடந்தார்கள். "இந்தக் காரில் அவள் கடைசியாக உட்கார்ந்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை" என்றார். சொல்லிவிட்டுப் பினியனின் பற்களை விரலால் தடவிப் பார்த்தார். அண்ணன் கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

பொருத்த இரண்டு வார இறுதிகள் ஆயின. எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்திருந்தது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உராயவிட்டுப் பழக்கிய சோடி. ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். சங்ககிரியில் லாரி ஓட்டிய எங்கள் அப்பாவும் இதைச் சொல்வார், புருசன் பெண்சாதி உவமையோடு. ஆனால் 13க்கும் 43க்கும் பொது வகுத்தி கிடையாது என்பதால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்தித்த பிறகே பழைய பல்லிடம் திரும்பி வரும் என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பகிர்ந்து போகிறது. பற்களில் மஞ்சள் சாயம் பூசிச் சுற்றிப் பார்த்தார்கள். சாயம் அழியும் இடம் பல்லின் நடுவில் விழும் வரை, காகிதத் தடிமனுள்ள தகடுகளைச் சேர்ப்பதும் எடுப்பதும். இரு பற்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு முதல் பத்து பங்கு. இறுக்கினால் சூடேறும், தளர்த்தினால் அதிரும். பழைய பற்கள் என்பதால் சத்தம் வரலாம் என்று அண்ணன் அஞ்சினார். வரவில்லை. முதல் நாள் பதினைந்து மைல் மட்டும் ஓட்டி, ஆறவிட்டோம்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் மேக்கினாவுக்குப் புறப்பட்டோம். பெரியவரையும் அழைத்தார் அண்ணன். கையசைத்து மறுத்துவிட்டார்.

ஏறத்தாழ 280 மைல். 65 மைல் வேகத்தில் 4.10 என்றால் இயந்திரம் நிமிடத்துக்கு 3,440 சுற்றுகள், 3.31க்கு 2,780. போகும் வழிக்கு மட்டும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் சுற்றுகள் மிச்சம் என்று பின்இருக்கையில் கணக்குப் போட்டேன். வடக்கே 75 மைல் வரை அனுமதி உண்டு. எங்களை எல்லாரும் முந்திக்கொண்டு போனார்கள், சிலர் கட்டைவிரல் உயர்த்தியபடி. அண்ணன் 65ஐத் தாண்டவில்லை. சிக்னலில் புறப்படும்போது பழைய துள்ளல் இல்லை என்று ஒரு முறை குறைப்பட்டுக்கொண்டார். உண்மைதான், எனக்கே தெரிந்தது.

இரண்டு மணி நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அண்ணி, குரலை உயர்த்தாமல், மகன் சிறுவயதில் இந்தச் சாலையில் எங்கோ வாந்தியெடுத்ததைச் சொன்னார். அது இந்தச் சாலையில்லை என்றார் அண்ணன். இதுதான் என்றார் அண்ணி. பாலம் கண்ணில் படும்வரை அந்தச் சண்டை நீண்டது. என்னை யாரும் நடுவராகக் கூப்பிடவில்லை. நான் சன்னல் வழியே பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் இரவு வீடு திரும்பியபோது பெரியவர் தம் வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், கையில் டார்ச்சோடு காரின் பின்னால் மண்டியிட்டார். எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார். பிறகு ஹவுசிங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது என்று பொருளாம். அவர் கையை எடுக்கவில்லை.

"பாலத்தில் எந்தப் பாதையில் போனீர்கள்?" என்று தரையிலிருந்தபடியே கேட்டார்.

"உட்புறப் பாதையில். இரும்புக் கம்பி வலை. கீழே தண்ணீர் தெரிந்தது" என்றார் அண்ணன்.

"அவள் பயந்திருப்பாள்" என்றார்.