ஆந்தை வேண்டாம் டீச்சர்

எங்கள் தெருவில் ஓர் அக்கவுண்டன்ஸி டீச்சர் இருக்கிறார். ஒரு தனியார் பள்ளியில் 26 வருடம் டெபிட், கிரெடிட் சொல்லிக்கொடுத்தவர். போன வருடம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஆன்லைனில் கோர்ஸ் ஆரம்பிக்கிறார். கல்யாணம், குழந்தை என்று பி.காம். சர்டிபிகேட்டை பீரோவில் பூட்டிவைத்துவிட்ட பெண்களுக்கு, தமிழில் கணக்கெழுதக் கற்றுத்தருவது. (நானும் பி.காம்.தான். என் சர்டிபிகேட் பரணில்.)

லோகோ, கலர், எழுத்து எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் கேட்டிருக்கிறார் ஒரு டிசைனர். சாம்பிளைக் காட்டினார். நீல உலக உருண்டை, அதன் தலையில் பட்டமளிப்புத் தொப்பி, பக்கத்தில் கண்ணாடி போட்ட ஆந்தை. கீழே ஆங்கிலத்தில் ஏதோ குளோபல் அகாடமி.

"ஆந்தை எதுக்கு டீச்சர்?"

"அறிவுக்கு அடையாளமாம் தம்பி."

அது கிரேக்கர்களுக்கு. அதீனா தேவியின் பறவை. நம் ஊரில் வாசலில் ஆந்தை அலறினால் பாட்டிகள் என்ன சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தவிர, ஆன்லைன் படிப்பில் ஆந்தை என்றால் டுவோலிங்கோவின் பச்சை ஆந்தைதான். இன்னொன்றைப் பார்த்தால் காப்பி என்றுதான் சொல்வார்கள்.

பெரிய சிக்கல் வேறு. இந்த லோகோ தொங்கப்போவது மாடிப் போர்டில் இல்லை. வாட்ஸ்அப் வட்டத்தில், யூடியூப் மூலையில். பிரவுசர் தலைப்பில் 16 பிக்ஸல்தான் இடம். போனில் சுருக்கிக் காட்டினேன். உருண்டை, தொப்பி, ஆந்தை மூன்றும் சேர்ந்து நசுங்கின கொசு மாதிரி இருந்தது. அந்த மின்னும் நீலமும் நோட்டீஸ் அடித்தால் வராது. திரை வெளிச்சத்தில் கலர் காட்டுகிறது, அச்சகத்தில் மையில்.

கான் அகாடமியின் பழைய வீடியோக்களைப் பாருங்கள். கறுப்புப் பலகை, அதில் கலர் கலராகக் கையெழுத்து, அவ்வளவுதான். சொல்லிக்கொடுப்பவர் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

"உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கே டீச்சர். டி கணக்கு!"

மேலே ஒரு கோடு, நடுவில் ஒரு கோடு. இடது பற்று, வலது வரவு. காமர்ஸ் படித்த எவருக்கும் பார்த்தவுடன் புரியும். 16 பிக்ஸலிலும் உடையாது. எழுத்துக்குக் காசே வேண்டாம். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேடமரன் இருக்கிறது, முக்த மலர் இருக்கிறது. இரண்டும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பொருந்தும், வியாபாரத்துக்கும் இலவசம்.

பெயரில்தான் இழுபறி. அவர் பெயரோடு 'டீச்சர்' சேர்த்து வையுங்கள் என்றேன். சட்டென்று முகம் வாடிவிட்டது.

"வேணாம்னு அனுப்பின பேரு தம்பி. அதை நம்பி யாரு பணம் கட்டுவா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரிடம் படித்து இன்று ஆடிட்டர்களாக இருப்பவர்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்தினேன். விரல் போதவில்லை. அவர்கள் யாரும் பள்ளியின் பெயரைச் சொல்வதில்லை, டீச்சர் பெயரைத்தான் சொல்கிறார்கள். "குளோபல்னா யாருன்னு கேப்பாங்க. உங்களை யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன். நெடுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவரே வந்தார். டிரேட் மார்க் பதியணுமாம். தனிநபருக்கு இணையத்தில் 4,500 ரூபாய், கல்விக்கு 41ஆம் வகுப்பு, பதிந்தால் 10 வருடம். அதுவரை வட்டத்துக்குள் 'ஆர்' போடக்கூடாது, குற்றம் என்பதுவரை விசாரித்து வைத்திருந்தார். விண்ணப்பத்தில் அவர் பெயர், பக்கத்தில் 'டீச்சர்'.

"இந்த பிராண்டை உங்க கணக்குல சொத்துன்னு எழுதுவீங்களா?" என்றேன்.

"சொந்தமா உண்டாக்கின பிராண்டை சொத்துல காட்டக்கூடாது. ஏ.எஸ். 26. எந்த வாத்தியார்கிட்ட படிச்சே நீ?"