உப்புத் தண்ணி ஊற்றிய ஆர்க்கிட்

மார்ச் 9

பக்கத்து பனியன் கம்பெனி ஆபீசிலிருந்து ஒரு தொட்டி வந்து சேர்ந்தது. சரக்கு வாங்கும் பையர் பரிசாகக் கொடுத்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட். இலையெல்லாம் சுருங்கித் தொங்குகிறது. “வாடுதுன்னு தினமும் தண்ணி ஊத்தறமுங்க. ஊத்த ஊத்த இன்னும் வாடுதுங்க” என்றார் அங்கே கணக்கு எழுதும் தம்பி. தொட்டியில் ஈரம், இலையில் தாகம். கோளாறு வேரில்தான்.

மார்ச் 10

தொட்டியைக் கவிழ்த்தேன். காட்டில் இது மரக்கிளையைப் பற்றிக்கொண்டு மழை குடித்து வளர்வது. வேரைச் சுற்றி ஈரம் உறிஞ்சும் உறை உண்டு. நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி நிறம். இதிலோ பாதிக்கு மேல் பழுப்பு. இழுத்தால் உறை உருவிக்கொண்டு வர, நூலாக நடுநரம்பு மட்டும் மிஞ்சுகிறது. அழுகல்.

தண்ணி அதிகம் என்று அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வெளியே காற்றில் நிற்கும், அழுகாத வேர்களுக்கும் நுனி கருகியிருக்கிறது. தொட்டி விளிம்பிலும் கரித்துண்டுகளிலும் வெள்ளைப் பொருக்கு.

மார்ச் 11

ஊற்றியது போர் தண்ணி. தண்ணியில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 1,700 காட்டியது. குடிநீருக்கு ஏற்ற அளவாக இந்தியத் தர நிர்ணயம் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேரைச் சுற்றி உப்பு ஏறிவிட்டால், தண்ணீர் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது.

எங்கள் ஊர்ப் பாறை பூமியில் நிலத்தடி நீர் இயல்பிலேயே கடினம். போதாதற்கு, பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அது பல வருஷம் நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-ல் வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, தண்ணியைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் சொட்டும் வெளியேறாது என்றால்தான் திறக்கலாம் என்றானது.

மார்ச் 12

பிளேடைத் தீயில் காட்டிச் செத்த வேர்களை வெட்டினேன். வெட்டுவாயில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூள். நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும். புதுக் கரி, ஓட்டுச் சில்லு, கொஞ்சம் தேங்காய் மட்டை. மட்டையிலும் உப்பு இருக்கும் என்பதால் ஊறவைத்து அலசியாயிற்று. வெட்டு காயும்வரை தண்ணி கிடையாது.

ஏப்ரல் 20

அடித்தண்டில் பச்சை நுனியோடு புது வேர். பழைய இலையின் சுருக்கம் முழுசாக மாறாது. பிழைத்ததற்கு இந்த வேர்தான் சாட்சி.

தம்பி போனில் கேட்டார்: “ஆபீஸ்ல ஆர்.ஓ. இருக்குதுங்க, அதையே ஊத்தட்டுங்களா?”

ஊற்றலாம். ஆனால் ஆர்.ஓ. உப்பைப் பிரிக்குமே தவிர அழிக்காது. ஒரு குடம் நல்ல தண்ணிக்கு அதைவிட அதிகமாக உப்புத் தண்ணி சாக்கடைக்குப் போகும். சாயப்பட்டறைகளும் தண்ணீரை மீட்டுவிடுகின்றன. மிஞ்சும் உப்பை எங்கே வைப்பது என்பதுதான் தலைவலி. ஒரு செடிக்காக அந்தக் கணக்கில் இன்னொரு குடம் ஏன்?

“ஏசி பைப்புல சொட்டறதுக்கு ஒரு பக்கெட் வைங்க தம்பி. அதுல உப்பு இருக்காது. வேர் வெள்ளியான பொறவு, காலைல ஊத்துங்க. ஐப்பசி மழைக்கு மொட்டை மாடியில டிரம் வெச்சுட்டீங்கன்னா இன்னும் நல்லது.”